குழலடிகளின் காது

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பட்டறை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால், உள்ளே யாரோ சாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். கிட்டத்தட்ட அப்படித்தான். உள்ளே இருந்தவர் குழலடிகள். மோட்டார் சைக்கிளின் சைலன்சர் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, ஓட்டுகிறவரின் ஆயுளைச் சொல்கிறவர். வண்டியின் மூச்சும் ஆளின் மூச்சும் ஒத்துப்போகாவிட்டால் விபத்து நிச்சயமாம். ஒத்துப்போகும் சைலன்சர் குழாயை அவர் கையால் மாட்டிவிட்டால் எமனே ஓரமாக ஒதுங்கி வழிவிடுவானாம். குழாயில் மூன்று வகை: சாந்தம், வீரம், துறவு. மூன்றும் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்ததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, வரிசையில் இடம் போய்விடக் கூடாதே என்று இன்னும் நெருங்கி நின்றேன்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எதனால் நடந்தது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கிறவன். வழுக்கை டயர், தேய்ந்த பிரேக், தூக்கம், குடி. எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். 'மூச்சு ஒத்துப்போகவில்லை' என்று ஒன்றில்கூட எழுதியதில்லை. என் வண்டியின் பின் டயரோ என் தலையைப் போலவே வழுவழுவென்று இருந்தது. அடுத்த வாரம் நானும் மனைவியும் மலைப்பாதையில் நெடும்பயணம் போவதாக ஏற்பாடு. மழைக்காலமும் தொடங்கிவிட்டது. டயருக்கென்று எடுத்து வைத்த பணத்தைக் குழாயில் போடத்தான் வந்திருந்தேன். புது டயர் மாட்டினால் தெருவில் எவன் திரும்பிப் பார்க்கிறான்?

கூட்டி வந்தவன் மச்சான், மனைவியின் தம்பி. மனைவியும் கூடவே வந்திருந்தாள்.

"அத்தான், போன மாசம் ஒரு லாரி நூலிழையில போச்சு. தப்பிச்சேன்னா அது வீரக் குழாய்தான்."

"லாரிக்காரர் பிரேக் போட்டாராடா?" என்றாள் என் மனைவி.

"போட்டாருக்கா."

"அப்ப அவர் வண்டியில என்ன குழாய்?"

மச்சான் வானத்தைப் பார்த்தான். மழை வருமா என்று பார்ப்பதுபோல.

என் முறை வந்தது. குழலடிகள் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, கண்களை முக்கால்வாசி மூடி, "ஆக்சிலேட்டரை முறுக்கு" என்றார். முறுக்கினேன். நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

"ஐயா நிறைய விபத்தைப் பார்த்த மனுஷன்."

எனக்குப் புல்லரித்தது. என் தோள்பையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகியிருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"பின்னாடி உட்கார்றவங்க மனசுல ஒரு சந்தேகம் ஓடுது."

அடேயப்பா! மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு அவரை முறைத்தபடி நின்றிருந்தாள். அதைக் குருடன்கூடச் சொல்லியிருப்பான். நான் மட்டும் கண்கலங்கினேன்.

"வீரம் மாட்டுங்க. அப்புறம் டயர் தேஞ்சிருந்தாலும் வண்டி வழுக்காது. எவ்வளவு மழைன்னாலும் சரி."

பையைத் திறக்கக் கை போட்டேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. மலையில வழுக்கினா விழப்போறது நானும்தான்." பிறகு அவரிடம் திரும்பினாள். "ஐயா, நான் ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் பண்றவ. சத்தம் கேட்டா கையைத் தூக்கணும், அவ்வளவுதான். ஆனா பாதிப் பேரு சத்தத்தைக் கேக்க மாட்டாங்க. பட்டனை அமுக்குற என் விரலைப் பார்த்துக் கையைத் தூக்குவாங்க. அதனால முதுகைக் காட்டி உக்கார வைப்போம். நீங்களும் கொஞ்சம் சுவரைப் பார்த்து உக்காருங்களேன். உங்களுக்குக் காது போதுமே."

அவர் வாயைத் திறப்பதற்குள் பக்தர்கள் முந்திக்கொண்டார்கள். "அடிகளுக்கு இதெல்லாம் ஜுஜுபிம்மா!" மச்சானே முக்காலியைத் தூக்கிச் சுவரோரம் திருப்பிப் போட்டான். சில சமயம் பக்தர்களைப் போல எதிரி கிடையாது.

மனைவி கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். பிறகு என்னிடம் ஒரு வண்டியைக் காட்டினாள். எனக்கு உயிரே போயிற்று. அது குழலடிகளின் சொந்த வண்டி. யார் தொடப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் சாவியை அதிலேயே விட்டிருந்தார். ஏறினால் கை விளங்காமல் போகுமோ என்று ஒரு பயம். ஏறாவிட்டால் மனைவி. பெரிய பயம் சின்ன பயத்தை வென்றது, ஏறி முறுக்கினேன்.

சுவரைப் பார்த்தபடி குழலடிகள் தலையசைத்தார். "இளவட்டம். ரத்தம் கொதிக்குது. சாந்தம் போடுங்க."

என் முழங்கால் வலிக்கு நான் தடவியிருந்த தைலம் பட்டறை முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.

அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து அதே வண்டியை மீண்டும் முறுக்கினேன்.

"இது பொம்பளப்புள்ள வண்டி. மென்மையான மனசு. துறவு வேணும்."

கூட்டத்தில் யாரோ இருமி அடக்கினார்கள். மூன்றாவது முறை முறுக்கியதும் அவர் முதுகு அப்படியே நிமிர்ந்தது.

"ஐயோ! நிறுத்து! இந்தக் குழாய்க்குள்ள எமன் உக்காந்திருக்கான். போலிச் சரக்கு! இதை மாட்டினவன் கொலைகாரன். இப்பவே கழட்டி எறி!"

"திரும்பிப் பாருங்க," என்றாள் மனைவி.

திரும்பினார். தன் வண்டி. தன் முத்திரை குத்திய குழாய். மேலே நான், அசட்டுச் சிரிப்போடு.

ஆனால் தொழில்காரர் தொழில்காரர்தான். ஒரு நொடிதான் தடுமாறினார். "குழாயில குறை இல்ல. இவர் ஏறினாரே, அதுல என் வண்டியோட மூச்சு கெட்டுப்போச்சு!"

"மூணு தடவையும் இவரேதான் ஏறினாரு," என்றாள் அவள். "மொதல்ல இளவட்டம், அப்புறம் பொம்பள, கடைசியில எமன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்துற எனக்கே இது தெரியாமப் போச்சே!"

சிரிப்பு வெடித்தது. ஏற்கெனவே குழாய் வாங்கியவர்கள்தான் கடைசியாகச் சிரித்தார்கள். பிறகு குழாயைத் தூக்கிக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு அவரைச் சூழ்ந்தார்கள். அவருடைய காதுக்கு அன்று நல்ல வேலை.

நாங்கள் எதிர்க்கடைக்குப் போனோம். புது டயர் மாட்டும்போது மச்சான் என் காதருகே குனிந்தான். "எது எப்படியோ அத்தான், இளவட்டம்னு சொன்னாரு பாருங்க, அது மட்டும் சரிதான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புகை வெளியே போகத்தான் குழாய். அறிவையும் அந்த வழியாகவே அனுப்பிவிட்டால், அப்புறம் தலைக்கவசம் எதைக் காப்பாற்ற?