நிலா நிற்கக் கூடாது

"நின்னுடக் கூடாது. அது ஒண்ணுதான் முக்கியம்" என்றபடி மேலாளர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எழுத்தரின் இடது கையில் கட்டினார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்தால் பேரன் பிரித்துப் பார்த்துவிடுவானாம்.

எழுத்தர் குனிந்து பார்த்தார். கருநீல வட்டத்துக்குள் ஒரு வானமே இருந்தது! பொட்டுப் பொட்டாக நட்சத்திரங்கள், பாதி வளர்ந்த தங்க நிலா, சூரியன் உதிக்கும் நேரம், மறையும் நேரம். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நின்னா நிலா, தேதி, வருஷம் எல்லாம் குழம்பிடும். செஞ்ச இடத்துக்கே அனுப்பணும், ஆறு மாசம் ஆகும். பத்து நாள் ஒழுங்கா பாத்துக்குங்க. வந்ததும் கண்காணிப்பாளர் பதவிக்கு உங்க பேரைத்தான் எழுதப்போறேன். இந்தாங்க, பெட்டி."

பதினோரு வருஷமாக ஆட்டம் காட்டிய பதவி! எழுத்தருக்குத் தரையில் கால் பாவவில்லை.

பக்கத்து மேஜைத் தட்டச்சர் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

"சார், இதெல்லாம் கை அசைவுல ஓடுறது. கை சும்மா இருந்தா நின்னுடும்."

எழுத்தர் தன் இடது கையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை வரை அசையாத ஆள் அவர். அன்று முதல் மேஜைக்கடியில் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கூட்டத்தில் கொஞ்சம் வேகமாக ஆட்டியதில், துணை மேலாளரின் தேநீர் அவர் மடியிலேயே கவிழ்ந்தது.

"உங்களுக்கு என்னய்யா ஆச்சு? போய் பழைய கோப்பெல்லாம் தூசி தட்டுங்க!"

"ரொம்ப நன்றி சார்!" என்று எழுத்தர் துள்ளிக்கொண்டு ஓடினார். தூசி தட்டினால் கை அசையுமே!

வீட்டில்தான் சிக்கல். பகலெல்லாம் தட்டிவிட்டு வந்து சாய்ந்தால் நிலா என்னாவது? துடைப்பத்தை எடுத்தார். கூடத்தைப் பெருக்கினார். ஒட்டடை அடித்தார். துணிகளுக்கு இஸ்திரி போட்டார். அடிக்கடி கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். ஓடியது! ஒவ்வொரு முறையும் பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

"ஏங்க, நிலா கொஞ்சம் பெருசாயிருக்குல்ல?" என்றாள் மனைவி, எட்டிப் பார்த்து.

"ஆமா! நான் பெருக்கப் பெருக்க அதுவும் வளருது பாத்தியா!"

ஆறாம் நாள் இடது தோள் பிடித்துக்கொண்டது. டாக்டர் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டார். "அசைக்கவே கூடாது."

எழுத்தர் அரண்டுபோய் வீட்டுக்கு ஓடிவந்தார். "நீயாவது ரெண்டு நாளைக்கு இதைக் கட்டிக்கயேன்!"

"ஐயோ, விலை உசந்த பொருள், எனக்கு எதுக்குங்க வம்பு? வலது கை நல்லாத்தானே இருக்கு?"

அதுவும் சரிதான். கடிகாரம் வலது கைக்கு மாறியது. ஒற்றைக் கையால் ஜன்னல்களைத் துடைத்தார், அலமாரிகளை அடுக்கினார். ஒன்பதாம் நாள் பரணில் ஏறிப் பழைய சாமான்களை ஒழித்தபோது இடுப்பும் பிடித்தது. ஆனால் நிலா முழுசாகிவிட்டது! ஜன்னலுக்கு வெளியே எழுந்த நிலாவையும் கையிலிருந்த நிலாவையும் மாறி மாறிப் பார்த்து அவர் குழந்தை மாதிரி சிரித்தார்.

மறுநாள் மனைவியின் தோளைப் பிடித்தபடி மேலாளர் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனார். மேலாளரும் கோலூன்றி நொண்டிக்கொண்டுதான் வந்தார். கடிகாரத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட்டகாசம்! நிலா அச்சு அசலா இருக்கு. பதவி உங்களுக்குத்தான். பெட்டிக்குள்ள சீட்டு எழுதி வெச்சேனே, அதும்படி ஒருநாள்கூட மறக்காம சாவி கொடுத்திருக்கீங்க!"

"சா... சாவியா? கை அசைஞ்சா ஓடுறதில்லையா சார்?"

"சேச்சே! தினம் காலையில பக்கத்துல இருக்கிற திருகைத் திருகணும். நீங்க நாள் பூரா தலைகீழா ஆடினாலும் ஓடாது."

எழுத்தர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"முதல் நாளே சீட்டைப் படிச்சிட்டேங்க. தினமும் நீங்க இதைக் கழட்டி வெச்சிட்டுக் குளிக்கப் போனதும் சாவி கொடுத்துடுவேன்" என்றாள் அவள். "முன்னாடியே சொல்லியிருப்பேன், ஆனா பரண் மட்டும் பாக்கி இருந்துச்சு."