விலகினால்தான் தேர்வு

விளையாட்டு என்பது பிள்ளைகளின் உடலை வளர்ப்பதற்காக ஏற்பட்டது என்று பொதுமக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும், அதற்கு யாரும் தடை போடவில்லை. ஆனால் எங்கள் மாவட்ட இளையோர் ரக்பி சங்க அலுவலகத்துக்கு ஒரே ஒரு தடவை மாடியேறிப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், விளையாட்டு என்பது பதிவேட்டை வளர்ப்பதற்காக ஏற்பட்டது.

ரக்பி தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிரணிக்காரர் ஓடிவந்து காலைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்ப்பார். பந்தைக் கையால் முன்பக்கம் போடவே கூடாது, பின்னால் வருகிறவரிடம்தான் தள்ளிவிட வேண்டும். இந்த விதியை மைதானத்தில் பிள்ளைகள் அடிக்கடி மீறுவார்கள். சங்க அலுவலகத்தில் யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவிடப் போன இடத்தில், அப்போதிருந்த கோச் தன் விசிலை என் கையில் கொடுத்து, "ஒரு நிமிஷம் பிடிங்க சார், வந்துடறேன்" என்றார். மூன்று வருஷம் ஆகிறது, மனிதர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் கிளப்பின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு நான்தான் கோச்.

மகளுக்கு மைதானத்தில் பிசின் என்று பெயர். வயது பதினொன்று. பார்க்க ஒல்லிப்பிச்சான். ஆனால் ஒருவன் காலை அவள் பிடித்துவிட்டால் நடுவர் வந்து விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும். அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. மாவட்ட அணியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மேட்ச், ஒரே ஒரு மேட்ச் ஆட வேண்டும். அந்தச் சட்டையின் படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். பால் எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் கிளப்பில் இருபத்துநான்கு பிள்ளைகள். களத்தில் பன்னிரண்டு பேர்தான் ஆடலாம். மிச்சம் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். ஒரு பையனை நானே ஆறு மேட்ச் தொடர்ந்து உட்காரவைத்தேன். அவன் அம்மா துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பிய சட்டை, மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பிப் போகும். ஏழாவது வாரம் அவன் வரவில்லை. கேட்டால், செஸ் கிளாஸில் சேர்ந்துவிட்டானாம். "அங்க உட்கார்ந்துகிட்டே ஆடலாம் அங்கிள்" என்றான். அவனைத் தொடர்ந்து ஏழு பேர் நின்றார்கள். ஆக எட்டுப் பேர் போய்விட்டார்கள்.

சங்கம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. 'வீரர் தக்கவைப்புத் திட்டம்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கூடவே எனக்கும் அழைப்பு வந்தது.

அலுவலகம் ஒரே ஒரு அறை. ஒரே மேஜை, ஒரே மின்விசிறி. மேஜைக்கு இந்தப் பக்கம் தக்கவைப்பு அதிகாரி. பிள்ளைகள் யாரும் கிளப்பை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அந்தப் பக்கம் பாதை அதிகாரி. நல்ல பிள்ளைகளைக் கிளப்பிலிருந்து எடுத்து, மாவட்ட அணி, மண்டல அணி என்று உயர்நிலைப் பாதையில் ஏற்றிவிடுவது அவர் பொறுப்பு. ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனாலும் இருவரும் மிக ஒற்றுமையாக இருந்தார்கள், ஏனென்றால் அதுவரை இருவருமே வேலையை ஆரம்பித்திருக்கவில்லை.

"எட்டுப் பேர் போயிட்டாங்க சார்" என்றேன்.

"போகக் கூடாதே" என்றார் தக்கவைப்பு அதிகாரி.

"போயிட்டாங்களே."

"சுற்றறிக்கை வந்த பிறகுமா?"

"அதுக்கு முன்னாடியே."

"அப்ப அவங்களுக்கு விவரம் தெரியாது, பாவம். சரி, காரணம் எழுதுவோம்" என்று சொல்லி விலகல் காரணப் படிவத்தை எடுத்தார். அதில் நான்கு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம், வீடு மாறியது. இரண்டாவது, நோய். மூன்றாவது, இறப்பு. நான்காவது, உயர்நிலை அணிக்குத் தேர்வானது.

"இந்தச் செஸ் பையன் வீடு மாத்திட்டானா?"

"இல்ல சார், அதே வீடுதான்."

"உடம்புக்கு ஏதாவது?"

"கல்லு மாதிரி இருக்கான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "செத்துட்டானா?"

"ஐயையோ! நேத்துக்கூட ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டுப் போனான் சார்."

"அப்ப மிச்சம் ஒண்ணுதானே இருக்கு?" என்று நான்காவது கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டார்.

"சார், அவன் ஆட விடலன்னுதான் போனான்."

"அதுக்குக் கட்டம் எங்க இருக்கு, காட்டுங்க பார்க்கலாம்?"

அப்படி ஒரு கட்டம் இல்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆறு வாரம் அவனை உட்காரவைத்தது நான்தானே? அதற்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் என் பெயர் அல்லவா வந்திருக்கும். பேசாமல் எட்டுப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

படிவங்கள் மேஜையைத் தாண்டி அந்தப் பக்கம் போயின. பாதை அதிகாரி வாங்கிப் பார்த்தார். தேர்வானதாகச் சங்கமே முத்திரை குத்தியிருக்கும்போது அவர் தேர்ந்தெடுக்காமல் இருப்பது ஒழுங்கீனம் அல்லவா? எட்டுப் பேரையும் மாவட்ட அணிப் பட்டியலில் ஏற்றினார். வழக்கமாக இந்த வேலைக்கு வெயிலில் நின்று பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். இப்போது திறமை உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஒரு வீரரும் இழக்கப்படவில்லை என்று தக்கவைப்பு அதிகாரியும் எழுதிக்கொண்டார். மின்விசிறியை இருவர் பக்கமும் திரும்பும்படி வைத்தார்கள்.

பட்டியல் மைதானத்துக் கதவில் ஒட்டப்பட்டது. பிசின் அதை மூன்று தடவை படித்தாள். எட்டுப் பேருமே நின்றுபோனவர்கள். செஸ் பையன்தான் துணைத் தலைவன். வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"மூணு வருஷமா நான் ஒரு நாள்கூட லீவு போடலியேப்பா! காய்ச்சலோடகூட வந்தேனே!"

பெற்ற வயிறு பற்றி எரியாதா? என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், எதையும் சீட்டு இல்லாமல் நம்பமாட்டாள். "நீங்க கோச்சா, இல்ல மைதானத்துல பிளாஸ்டிக் கோன் அடுக்கிவைக்கிற ஆளா? போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

போய்க் கேட்டேன். பாதை அதிகாரி பரிவோடு கேட்டுக்கொண்டார்.

"உங்க பொண்ணு இன்னும் கிளப்லதான் ஆடுறாளா?"

"ஆமா சார். ஒரு நாள் தவறாம."

"அங்கதான் சிக்கல். ஆடிக்கிட்டிருக்கற பிள்ளைய நான் எடுத்தா கிளப்ல ஒரு ஆள் குறையும். குறைஞ்சா" என்று எதிர்ப்பக்கம் கண்ணைக் காட்டினார், "சாருக்குக் கெட்ட பேரு."

"அப்ப அவ தேர்வாக என்ன செய்யணும்?"

"விலகணும்."

"விலகினா எப்படி சார் ஆடுறது?"

"நீங்க தேர்வப் பத்திக் கேட்டீங்களா, ஆட்டத்தப் பத்திக் கேட்டீங்களா? ஒவ்வொண்ணா வாங்க."

மகளின் முகம் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த படத்தோடு சேர்ந்து என் கண்முன் வந்தது. படிவத்தை வாங்கி நான்காவது கட்டத்தில் டிக் போட்டேன். திங்கட்கிழமை அவள் மாவட்ட அணியில் இருந்தாள்.

இது ஊருக்குள் பரவாமல் இருக்குமா? அந்த வாரமே பதினைந்து பெற்றோர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். "எங்க பிள்ளை மட்டும் என்ன இளப்பமா? உங்க பொண்ணை மட்டும் விலக்கிட்டீங்களே, இதுதான் நியாயமா?" என்று ஒரு தையல்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். பதினைந்து பேருக்கும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் நானும் விசிலும் இரண்டு மூட்டைப் பந்துமாக நின்றோம். மாவட்டத்தின் மற்ற மூன்று கிளப்புகளிலும் இதே கதைதான். மொத்தம் தொண்ணூற்றொரு பேர் மாவட்ட அணியில் இருந்தார்கள். கிளப்பில் ஆடுவதற்கு ஒரு ஈ காக்கை இல்லை. தக்கவைப்பு விகிதம் நூற்றுக்கு நூறு.

ஊரே நீலமாகிவிட்டது. பிள்ளைகள் நீலச் சட்டையோடு பல் டாக்டரிடம் போனார்கள். ஸ்கூட்டர்களின் பின்னால் 'உயர்நிலைப் பாதையில் ஒரு வீரர் இந்த வீட்டில்' என்று ஸ்டிக்கர் வந்தது. காலையில் பாதாம் எத்தனை, தூக்கம் எத்தனை மணி என்று பெற்றோர் குழுவில் தினம் ஒப்பித்தார்கள். தையல்காரர் தன் மகனின் மனவலிமைக்கு வாரம் ஒரு நாள் தனி ட்யூஷன் வைத்தார்.

பயிற்சி முகாமில் மட்டும் ஒரு சின்னக் குறை. பந்து இல்லை.

"பந்து கிளப் பிரிவோட சொத்து. இது பாதைப் பிரிவு" என்றார் பாதை அதிகாரி. பிள்ளைகள் கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடினார்கள். 'என் பயணம்' என்று நாட்குறிப்பு எழுதினார்கள். ஒருவரையொருவர் பிடித்துச் சாய்க்கவும் தடை. அடிபட்டு ஒருவர் நின்றுபோனால் நூறு தொண்ணூற்றொன்பதாகிவிடுமே? பிசின் ஆறு வாரம் யார் காலையும் பிடிக்கவில்லை. கை துறுதுறுவென்று இருக்க, வீட்டில் சோபாவின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

"பக்கத்து மாவட்டத்தோட மேட்ச் இருக்குல்லப்பா, அன்னைக்கு ஆடிடலாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளும் வந்தது. அவள் விடியும் முன்பே எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மைதானத்துக்குப் போனோம். நடுக்கோட்டில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. எங்கள் தக்கவைப்பு அதிகாரியும் அவர்கள் தக்கவைப்பு அதிகாரியும் எதிரெதிரே உட்கார்ந்து பதிவேடுகளைத் திறந்தார்கள். நடுவர் விசில் ஊதினார். ஒப்பிட்டார்கள். அவர்கள் ஊரில் மூன்று பேர் நிஜமாகவே வீடு மாறிப் போய்விட்டார்களாம், தடுக்க முடியவில்லையாம். நூறுக்குத் தொண்ணூற்றேழு என்று நாங்கள் வென்றோம். பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தையல்காரர் அழுதார்.

அங்கேயே எனக்குச் சிறந்த பயிற்றுநர் கேடயம் கொடுத்தார்கள். ஒரு வீரர்கூட இல்லாத கிளப்பை இவ்வளவு சிறப்பாக நடத்தியதற்காகக் கௌரவ உதவித் தக்கவைப்பு அதிகாரி என்று பதவியும் கொடுத்தார்கள். ஒரு கட்டுப் படிவமும் கொடுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிசின் நீலச் சட்டையைக் கழற்றினாள். அதில் ஒரு பொட்டு மண் இல்லை. நான்காக மடித்து மேஜைமேல் வைத்தாள். "போதும்பா" என்றாள். என்ன போதும் என்று கேட்டிருக்கலாம். ஆனாலும் கேடயத்துக்கு ஆணி அடிக்கிற வேலை இருந்தது.

ஒரு மாதம் கழித்து, கிடங்குத் தெருவில் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் பார்க்கப் போயிருந்தேன். பின்பக்கக் காலி மனையிலிருந்து ஒரே கூச்சல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் கிளப் பிள்ளைகள்! இருபத்துநான்கு பேரும்! சாக்கைச் சுருட்டிக் கயிறு கட்டிப் பந்தாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். பெஞ்ச் இல்லை. எல்லாரும் களத்தில் இருந்தார்கள். செஸ் பையன் சாக்குப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான், அடேயப்பா, என்ன ஓட்டம்! இவனையா உட்காரவைத்தேன்? பிசின் பாய்ந்து அவன் காலைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். அவள் பல்லெல்லாம் சேறு. விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் அழுதுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைக்குள் இறங்கினேன். இத்தனை பிள்ளைகளை இப்படியே விட்டுவிடலாமா? கை தானாகப் பைக்குள் போய்ப் படிவக் கட்டை எடுத்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் வரிசையா நில்லுங்க" என்றேன். "ஒண்ணுமில்ல, பிறந்த தேதி மட்டும் சொல்லிட்டு ஆடுங்க."

கூச்சல் நின்றது. செஸ் பையன் சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டான். ஒருவனுக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வந்தது, இன்னொருத்தியை அம்மா கூப்பிட்டாள். இரண்டே நிமிஷம், மனை காலி. பிசின் மட்டும் நின்றாள்.

"அந்தப் படிவத்தைக் குடுங்கப்பா."

கொடுத்தேன். நான்கு கட்டத்தையும் பார்த்தாள். அதற்குக் கீழே தானே ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். அதன் பக்கத்தில் காரணத்தை எழுதி, டிக் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாள்: அப்பா.

மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பழக்கம் எங்கே விடுகிறது? தக்கவைப்பு அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"ஐந்தாவது கட்டம் செல்லாதே. நீங்களே ஒரு அதிகாரி, உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார்.

எனக்குத் தெரிந்திருந்தது. அவள் எழுதியதை அடித்துவிட்டு நான்காவது கட்டத்தில் டிக் போட்டேன்.

திங்கட்கிழமை என் மகள் மண்டல அணிக்குத் தேர்வானாள். அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெளியே வரவில்லை, அது வேறு விஷயம். தெருவே வந்து வாழ்த்தியது. போகும்போது ஆளுக்கொரு படிவம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். உங்கள் பிள்ளைக்கும் வேண்டுமானால் கூச்சப்படாமல் கேளுங்கள், என்னிடம் கட்டுக் கட்டாக இருக்கிறது.