மல்லிகை மொட்டும் என் முன்பல்லும்

பினாங்கில் அந்தக் காலத்தில் போலி வைத்தியர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் வெயில் டாக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவர்களெல்லாம் அசல் டாக்டர்கள்.

சீனர் ஒருவரின் பல்லுக்கடையில் தரை கூட்டிக்கொண்டிருந்தவர். ஒரு பாட்டில் மருந்தும் ஒரு முகக்கண்ணாடியும் கைக்கு வந்ததும் தானே டாக்டராகிவிட்டார். கறுத்த பல்லை வெளுப்பதுதான் தொழில். அவர் பற்களோ வெற்றிலைக் காவியேறிச் செங்கல் அடுக்கியது போலிருக்கும். கேட்டால், "தையல்காரன் எல்லாம் கோட்டு போட்டுக்கிட்டா தைக்கிறான்?" என்பார்.

எனக்கு அப்போது பதினேழு வயது. முன்பல் வலித்து, ஆஸ்பத்திரியில் நரம்பை எடுத்துவிட்டார்கள். வலி போனது. பல் செத்துக் கரிக்கட்டியானது. அதன்பின் கையால் வாயை மூடாமல் நான் பேசியதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் பல்லைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், திரும்பவில்லை. அடுத்து பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டார் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியதும், அம்மா என்னை வெயில் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

பல்லின் பின்புறத்தில் நரம்பெடுத்த ஓட்டையில் மருந்துப் பஞ்சை வைத்தார். சூலியா தெருவில், கடைவாசல் முக்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து வாய்க்குள் விட்டார். அந்நியர் முன் நிமிரவே கூசும் நான், ஊரே பார்க்க வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் பாக்குறாங்கண்ணே," என்றாள் அம்மா.

"பாக்கட்டும் லா, அக்கா. சூரியனுந்தான் பாக்குது. அதுக்கு வெக்கப்பட்டா பல்லு வெளுக்குமா?"

எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதற்குப் பக்கத்துப் பல்லைப் பார்ப்பதுதானே முறை? அந்த அறிவு அவருக்கு இல்லை. பல் என்றால் மல்லிகை மொட்டு என்று எங்கோ பாட்டில் கேட்டிருக்கிறார். தினமும் பூக்காரியிடம் ஒரு மொட்டு வாங்கி வந்து என் பல்லோடு ஒட்டிப் பார்ப்பார். "இன்னும் மொட்டு வரல பாப்பா. நாளைக்கு வா."

பக்கத்துப் பல்லின் நிறம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. மொட்டு நிறம் வர ஏழு நாள்.

பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் தாயார் என் பெயரைக் கேட்டார். வாயைத் திறந்தேன். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"ஏம்மா, அந்த ஒரு பல்லு மட்டும் பீங்கானா?"

அம்மா பலகாரத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். தன் வேலைப்பாட்டைப் பார்க்க அழைக்காமலே வந்து வாசலில் நின்ற வெயில் டாக்டர் முந்திக்கொண்டார்.

"பீங்கானா? சொந்தப் பல்லும்மா. கரியா கெடந்துச்சு, நான்தான் வெளுத்தேன். ஒத்துப் பாருங்க." சட்டைப் பையிலிருந்து மொட்டை எடுத்து என் வாயருகே நீட்டினார். காலையில் வாங்கிய மொட்டு வாடிப் பழுப்பேறியிருந்தது. என் மற்றப் பற்களின் நிறத்துக்கு அச்சாகப் பொருந்தியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூட மறந்துபோனேன். மாப்பிள்ளையும் சிரித்தார். "அதான் கறுத்த பல்லுன்னு அவுங்களே சொல்லிட்டாங்களேம்மா. இன்னும் என்ன விசாரிக்கணும்?" என்றார்.

கல்யாணம் நடந்தது. தன் மருந்தால்தான் நடந்தது என்று வெயில் டாக்டர் பினாங்கு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்தப் பல் நாலைந்து வருஷத்தில் மறுபடி கறுத்துவிட்டது. அவர் வேலையின் லட்சணம் அவ்வளவுதான்.

அன்று இறங்கிய கை மட்டும் இன்னும் வாய்க்குப் போகவில்லை.