தாமத ஒழிப்பு இயக்ககத்தின் பகல் மஞ்சம்

மனித நாகரிகம் மூன்று கட்டங்களைக் கொண்டது. மனிதன் நிமிர்ந்து நின்றது முதல் கட்டம். நாற்காலி செய்து உட்கார்ந்தது இரண்டாம் கட்டம். எங்கள் தாமத ஒழிப்பு இயக்ககத்தின் இயக்குநர் அலுவலக நேரத்திலேயே கால் நீட்டிப் படுத்தது மூன்றாம் கட்டம். முதல் இரண்டையும் நான் பார்க்கவில்லை. மூன்றாவதற்கு, கண்காணிப்பாளர் என்ற முறையில் நானே குறிப்பு எழுதி ஒப்புதல் வாங்கினேன்.

அதைக் கட்டில் என்று சொல்வது பாவம். அது நியோகிளாசிக்கல் டேபெட். கோப்பில் 'புதுச்செவ்வியல் பகல் மஞ்சம்' என்று மொழிபெயர்த்தேன். படித்துப் பார்த்த இயக்குநர், "பேரைக் கேட்டாலே கண்ணைச் சொக்குதுய்யா" என்று பாராட்டினார்.

தந்த நிறம். கீழே போகப் போகக் குறுகும் நேரான கால்கள், அவற்றில் பழங்காலத் தூண்களைப்போல வரிவரியாகப் பள்ளம். முகப்பில் பொன்முலாம் பூசிய இலை வளையம். இரு முனையிலும் ஒரே அளவில் வெளிப்பக்கம் சுருண்ட சாய்வு, ஒரே அளவில் உருளைத் திண்டு. இரண்டு பேர் கால் நீட்டலாம் என்னும் நீளம். வாசல் வழியே வர மறுத்ததால் ஜன்னலைப் பெயர்த்து வரவேற்றோம். பொதுமக்களின் மனு அலமாரி இருந்த இடம் அதற்கு ஒதுக்கப்பட்டது. மனுக்கள் மாடிப்படிக்கு அடியில் 'ஓய்வுக்கு' அனுப்பப்பட்டன.

முதல் நாள் இயக்குநர் படுத்ததும், அலங்கார ஆலோசகர் அம்மையார் அலறினார்.

"எழுந்திரிங்க சார்! பாணியே போச்சு!"

"என்னம்மா ஆச்சு?"

"இந்தப் பாணிக்கு உயிரே சமச்சீர்தான் சார். இந்தப் பக்கம் என்ன இருக்கோ, அந்தப் பக்கமும் அதே இருக்கணும். உங்களுக்கு ஒரு பக்கம்தான் தலை இருக்கு."

இயக்குநர் குற்ற உணர்ச்சியோடு தலையைத் தடவிப் பார்த்தார்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

"எதிர்ப்பக்கம் இன்னொருத்தர் தலை வெச்சுப் படுக்கணும். ஒரே உயரம், ஒரே உடுப்பு, ஒரே மீசை. உள்ளங்காலும் உள்ளங்காலும் நடுவுல சந்திக்கணும்."

உடனே 'சமநிலை அலுவலர் தேர்வுக் குழு' கூடியது. நாற்பத்தொரு ஊழியர்களைத் தரையில் படுக்கவைத்து அளந்தோம். தொப்பை காரணமாக நான் முதல் சுற்றிலேயே தகுதி இழந்தேன். பதிவறை எழுத்தர் மட்டும் விரல்கடை பிசகாமல் பொருந்தினார்.

அவருக்கு ஒரு சொந்தக் கவலை இருந்தது. மனைவி பஸ்ஸில் ஆறு மணி நேரத் தொலைவில் ஓர் ஊரில் நர்ஸ். எட்டு மாதக் குழந்தை அங்கே. அந்த ஊருக்கு மாறுதல் கேட்டு அவர் கொடுத்த மனு, ஏழு மாதமாக இயக்குநர் மேசையில் இருந்தது.

"போன வாரம் போயிருந்தேன் சார்," என்றார், படுத்தபடியே. "என்னைப் பாத்ததும் வீல்னு கத்திருச்சு. அப்புறம் மேசைமேல இருந்த போனை எடுத்து, 'ப்பா'ன்னு முத்தம் குடுக்குது. அதுக்கு நான் போன்தான் சார்."

"ஐயோ பாவம்," என்றார் இயக்குநர், எதிர்த் திண்டிலிருந்து.

"வீட்டுல கேக்குறா சார், 'அங்க அப்படி என்னதான் வேலை?'ன்னு. 'படுக்கறேன்'னு சொன்னேன். 'அதை இங்க வந்து படுத்தா ஆகாதா?'ங்கிறா. ஒரே ஒரு கையெழுத்து சார்."

"போடலாம்பா. ஆனா நான் எழுந்தா நீயும் எழுந்திரிக்கணும். உனக்கு எதுக்கு வீண் சிரமம்?"

கீழ்நிலை ஊழியர்மீது இத்தனை கரிசனம் கொண்ட மேலதிகாரியை நான் கண்டதில்லை.

எழுத்தர் மாறுதல் ஆணையைத் தாமே தட்டச்சு செய்து, பேனாவோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் படுத்தார். அம்மையார் அதையும் கவனித்துவிட்டு, இயக்குநர் பையிலும் ஒரு பேனாவும் மடித்த வெற்றுத்தாளும் வைக்கச் செய்தார்.

ஒருநாள் காலை பதினொன்றரைக்குத் துறைச் செயலர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அந்த வாரம்தான் பதவியேற்றவர். எங்களில் யார் முகமும் அவருக்குத் தெரியாது. மஞ்சத்தில் இயக்குநர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே, கடமை தவறாத எழுத்தரும் அதே அளவு வாயைப் பிளந்திருந்தார்.

"யாருய்யா இதுல டைரக்டர்?"

செயலரின் கர்ஜனையில் இயக்குநர் துள்ளி எழுந்தார். முப்பதாண்டுப் பணியில் அவர் இவ்வளவு விரைவாக எந்த முடிவும் எடுத்ததில்லை. எதிர்த் திண்டைக் காட்டினார்.

"அவர்தான் சார்!"

"அப்ப நீ?"

"பதிவறை எழுத்தர் சார். எதிர்ல படுக்கச் சொன்னாரு, படுத்தேன். பிள்ளைகுட்டிக்காரன் சார்."

எழுத்தர் மெல்ல எழுந்து என்னைப் பார்த்தார். நான் ஒரு கண்காணிப்பாளர் செய்யவேண்டியதைச் செய்தேன், மின்விசிறியைக் கண்காணித்தேன்.

"ஏன்யா, எழுத்தரையும் சேத்துத் தூங்கவெச்சிருக்கியா?" என்று செயலர் எழுத்தரைப் பிடித்தார். "என் கண் முன்னாடி ஒரு வேலையாவது பாருய்யா!"

"பாக்கறேன் சார்," என்று எழுத்தர் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "நம்ம பதிவறை எழுத்தரோட மாறுதல் சார். ஏழு மாசமா நிக்குது. பாவம், பெத்த பிள்ளைக்கு அப்பன் முகம் தெரியாது."

இயக்குநர் என்று அச்சிட்ட இடத்துக்கு மேலே கையெழுத்திட்டார். "சீல்!" என்றார். அவர் குரலில் இருந்த மிடுக்கில் என் கை தானாகவே முத்திரையைக் குத்திவிட்டது.

செயலருக்கு மனம் இளகிவிட்டது. இயக்குநரின் தோளைத் தட்டி, "மாறுதல் கெடச்சிருச்சில்ல, நன்றி சொல்லுய்யா," என்றார்.

"ரொம்ப நன்றி சார்," என்றார் இயக்குநர். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

ஆணையைப் பெற்றுக்கொண்ட எழுத்தர் மதிய பஸ்ஸைப் பிடித்தார்.

அந்தக் கையெழுத்து செல்லாது என்று மறுநாள் இயக்குநர் கொதித்தார். விசாரிக்க என் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஏழு மாதக் கோப்புகளை வரி விடாமல் புரட்டினேன். என் அறிக்கை இரண்டே வரி: 'குறிப்பிட்ட காலத்தில் இயக்குநர் பெயரால் கையெழுத்தாகி இந்த அலுவலகத்திலிருந்து வெளியே சென்ற தாள் இது ஒன்றே. இதையும் போலி என்று அறிவித்தால், இங்கே இயக்குநர் என்று ஒருவர் இருந்தார் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை.'