பனி: ஏழு கட்டங்களில், அனுமதி இலவசம்

நடந்தது சுருக்கமாக இவ்வளவுதான்:

1. என் தம்பியின் ராக் இசைக்குழு தன் முதல் ஆல்பத்தை எங்கள் ஊர் வாயனசாலை ஹாலில் வெளியிட்டது. (வாசகசாலைதான். எங்கள் பக்கம் வாயனசாலை என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்.)
2. ஐம்பது நாற்காலி போட்டோம். அறுபத்திரண்டு பேர் வந்தார்கள்.
3. அவர்களில் பாட்டுக் கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் டிரம்மரின் மாமா. மைக் செட்டு அவருடையது.
4. மற்ற எல்லோரும் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள்.
5. தவறு முழுக்க என்னுடையது.

ஐந்தாவது வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆனது. நான் தவறு செய்யாதவள் என்று பெயர் எடுத்தவள். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு திருவனந்தபுரத்தில் சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதிக்கிறேன். எதற்கும் பட்டியல் போடுவேன். கடைக்குப் போகும் பட்டியலின் முதல் வரியே ‘பட்டியலை எடுக்கவும்’ என்றுதான் இருக்கும்.

தம்பி ஜெபின் சர்ச்சில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவன். கிட்டாருக்கு அனந்து, டிரம்ஸுக்கு ஷிபு என்று ஆள் சேர்ந்ததும் கீர்த்தனையிலிருந்து புரோகிரசிவ் ராக்குக்குப் போய்விட்டான். அந்த வகையில் ஒரு பாட்டு பத்து நிமிடத்துக்கு முன்னால் முடியாது. நடுவில் தாளம் மாறும், பிறகு அதுவும் மாறும். ஆனால் இவர்களுடையதில் மெட்டு இனிமையாக இருக்கும், வீட்டுக்கு வந்தபிறகும் வாயில் நிற்கும். கேரள எல்லையில், பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவிலிருக்கும் எங்கள் வீட்டில், அவன் அறைச் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வைத்து நான்தான் பதிவு செய்தேன். ஒரே பாட்டு, ஐம்பத்திரண்டு நிமிடம், ஏழு பாகம்.

அம்மா ஒரு பாகமும் கேட்கவில்லை. முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மகனுக்கு இருபத்தாறு வயது, மஸ்கட்டில் மாமா ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார், இவன் போகமாட்டேன் என்கிறான் என்பதுதான். கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

“எலே, உனக்க பாட்ட கேக்க ஆளு உண்டா? அம்பது பேரு வந்து கடைசி வரை இருந்து கேக்கட்டும், பிறகு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்லெங்கில் நீ மஸ்கட்டுக்கு போணும்.”

“செரி” என்றான் ஜெபின். சொன்னபிறகு அவன் சோறு சாப்பிடவில்லை.

ஆகவே அந்த ஐம்பது பேரைக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றேன். அறுபத்துமூன்று வரிப் பட்டியல். போஸ்டர், எண் போட்ட அனுமதிச் சீட்டு, மின்சாரம் போனால் மாற்று, மழை பெய்தால் மாற்று, மின்சாரமும் போய் மழையும் பெய்தால் மாற்று.

ஆல்பத்தின் பெயர் ‘பனி’. விடியற்காலைப் பனி. இங்கேதான் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மலையாளத்தில் என்ன, எங்கள் வீட்டுத் தமிழிலும் அப்படித்தான். “பனி அடிக்குது” என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறோம். புல்லின் மேல் விழுவது எங்களுக்கு மஞ்ஞு. ஆனால் பாட்டெழுத உட்கார்ந்தால் மட்டும் எங்களுக்குப் புத்தகத் தமிழ் வந்துவிடும். ஜெபின் ‘பனி’ என்றான். நாங்கள் எல்லோரும் புத்தக முகத்தோடு தலையாட்டினோம்.

அம்மாவிடம் சொன்னபோது, “பனியா? பேரு கொள்ளாம், உனக்கு பொருத்தமாத்தான் உண்டு” என்றாள். கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது; ஜெபின் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். (நானும்தான்.)

தமிழ்ப் போஸ்டரை நான்கு முறை பிழை பார்த்தேன். மலையாளப் போஸ்டரில் அதே சொற்களுக்கு எழுத்தை மட்டும் மாற்றினேன். மேலே பெரிதாக, ‘பனி’. அதற்குக் கீழே, ‘ஏழு கட்டங்களில்’. அதற்குக் கீழே, ‘ஞாயிறு காலை 11 மணி, வாயனசாலை ஹால், அனுமதி இலவசம்’. படத்தில் ரப்பர்த் தோட்டத்து மூட்டத்துக்குள் ஒரு உருவம், தலைவழியாகப் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

அது மழைக்காலம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். கண் கேம்ப், சுகர் கேம்ப் எல்லாம் நடப்பதும் அதே ஹாலில்தான். என் பட்டியலில் இது எதுவும் இல்லை.

பத்தரைக்கே கூட்டம் வந்துவிட்டது. நான் வாசலில் சீட்டு கொடுத்தேன். முதல் ஆள் கம்பளி மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர். சீட்டில் ‘1’ என்று பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“டோக்கன் எல்லாம் உண்டா? நல்ல ஏற்பாடாக்கும். எவ்வளவு நேரம் ஆவும் மக்கா?”

“ஐம்பத்திரண்டு நிமிடம். இடைவேளை கிடையாது.”

“ஒரு ஆளுக்கா?”

“எல்லாருக்கும் அதேதான்.”

“யம்மா!” என்று பின்னால் நின்ற அக்காவிடம் திரும்பினார். “ஆஸ்பத்திரில ரெண்டு மினிட்டு பாக்கமாட்டான். இது கொள்ளாவுன்ன டாக்டராக்கும்.”

இரைச்சலில் ‘கொள்ளாவுன்ன’ மட்டும்தான் எனக்குக் கேட்டது. நன்றி சொன்னேன்.

உள்ளே போய் ஜெபினிடம், “ஹால் நிறைஞ்சாச்சு” என்றேன். அவன் திரை ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தான். “அக்கா, அம்மா வந்தாளா?” என்று கேட்டான். அம்மா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாகம் தொடங்கியது. நான்கு நிமிடம் கீபோர்டு மட்டும் மெல்ல மெல்ல ஏறும். எங்கும் இருமல். ஷிபு ஏழு எண்ணிக்கைத் தாளத்துக்குள் நுழைந்தபோது, விட்ட இடைவெளியில் யாரோ சரியாக இருமினார்கள். ஆழ்ந்து ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பாகம் முடிந்தது. கைதட்டலுக்காக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மஃப்ளர் பெரியவர் எழுந்தார்.

“ஒண்ணாம் கட்டம் தீந்துதா? நான் உள்ள போவட்டா? டாக்டர் எங்க?”

ஜெபின் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த மலையாளப் போஸ்டரைப் பார்த்தேன். அன்றுதான் முதன்முறையாக அதை வாசித்தேன்.

சோதனைக்கூடத்தில் புகை வந்த போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். நானே புகைந்தது அன்றைக்குத்தான். மைக்கை வாங்கி, “மன்னிக்கணும், இங்க டாக்டர் கிடையாது, இது பாட்டு” என்றேன். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஜெபின் கீபோர்டின் ஸ்விட்சை அணைக்கப் போனான். மஸ்கட் விமானம் மேடைக்கு மேலேயே பறந்ததுபோல இருந்தது எனக்கு.

“எல்லாரும் இரிங்க!”

அம்மா. வார்டில் முப்பது வருடம் போட்ட குரல். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். (எழாதவர்களும் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார்கள்.)

“நான் நர்ஸாக்கும். டோக்கன் வரிசையில வாங்க, பாத்து விடுறேன். எலே ஜெபினே, நீ எதுக்கு நிறுத்துன? இவங்க காத்து இரிக்கண்டாமா? வாசி!”

பக்கவாட்டில் ஒரு மேசை வந்தது. அம்மாவின் கைப்பையில் தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். நெற்றியில் கை வைத்தே பாதிப் பேரைத் திருப்பினாள்: “உனக்கு பனி இல்ல, சும்மா இரி.” உண்மையாகவே உடம்பு சுட்ட ஒன்பது பேரை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். யாராவது பேசினால், “சத்தம் போடாத, பாட்டு நடக்குதுல்லா” என்று அதட்டினாள். புரோகிரசிவ் ராக்குக்கு இவ்வளவு ஒழுங்கான சபை வேறெங்கும் அமைந்திருக்காது.

ஐந்தாம் பாகம் அமைதியானது. வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து ஒரு இரும்புக் கேட் கிரீச்சென்று திறக்கும். எங்கள் வீட்டு கேட். நான்தான் பதிவு செய்தேன். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, இரவு டூட்டி முடிந்து விடியற்காலையில் அம்மா வரும் சத்தம் அது. ஜெபின் போர்வையோடு எழுந்துபோய் வாசலில் நிற்பான். மூட்டத்துக்குள் முதலில் வெள்ளைச் சேலை தெரியும், பிறகுதான் முகம். போஸ்டரில் நின்ற போர்வை உருவம் அவன்தான். பாட்டு முழுவதும் அந்தக் காத்திருப்புதான்.

அம்மா நிமிர்ந்தாள்.

“நம்ம கேட்டுல்லா இது?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஆமா.”

இருபத்துமூன்றாம் டோக்கன்காரர் கக்கத்தில் தெர்மாமீட்டரோடு ஆறு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாகம் முடிந்தபின்தான் அம்மா அதை எடுத்தாள். எடுத்தும், கண்ணைத் துடைத்த பிறகுதான் அவளால் வாசிக்க முடிந்தது.

முடிந்ததும் கைதட்டினார்கள். மஃப்ளர் பெரியவர் ஜெபினிடம் வந்து, “ஏழாம் கட்டம் கொள்ளாம் கேட்டியா? எனக்கு தலைவேதனை குறைஞ்சு. இனி கேம்ப் எப்போ?” என்றார்.

ஜெபின் அம்மாவிடம் போய் நின்றான். “அவங்க பனிக்கு வந்தவங்க, அம்மா. கணக்குல வராது. நான் போறேன் மஸ்கட்டுக்கு.”

“அம்பத்திமூணு பேரு” என்றாள் அம்மா, தெர்மாமீட்டரைத் துடைத்தபடி. “நான் எண்ணியாச்சு. எதுக்கு வந்தா என்ன? கடைசி வரை இருந்தாங்கல்லா.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டின் நீளத்தை யாரும் நிமிடத்தில் சொல்வதில்லை. ஜெபின் புதிதாக ஒன்று வாசித்தால் அம்மா அடுக்களையிலிருந்து, “இது எத்தன டோக்கன் வரும்?” என்று கேட்பாள். எனக்குத் தும்மல் வந்தால் அனந்து, “எத்தனாம் கட்டம்?” என்பான்.

இப்போது ஜெபின் நெய்யாற்றின்கரையில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறான். மஸ்கட் வேலைக்கு வேறு ஆள் போய்விட்டது. இரண்டாவது ஆல்பத்தில் நான்கு பாட்டு முடிந்திருக்கிறது. பெயருக்கு ஒன்பது யோசனைகள் எழுதி அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். ஏழு பெயர்களை அடித்துவிட்டாள்.