அளவு சின்னதா இருக்காம்

“அளவு சின்னதா இருக்காம்” என்று முதலாளி வந்து நின்றபோது அச்சு செய்கிற டூல்ரூமைப் பூட்டுவதற்கு மைக்ரான் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். நாலு நாள் லீவு. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. மனைவி முன்னாலேயே போய்விட்டாள். அவருக்கு ஐந்து மணிக்குப் பஸ்.

“எது சின்னதா இருக்காம்?”

“நம்ம அளக்குற கப்பு. பாத்திரக்கடைக்காரர் போன் பண்ணினார். கப்பு நல்லாத்தான் இருக்காம், அளவுதான் சின்னதா இருக்காம். பெரிசு பண்ணிக் கொடுத்தா வருஷம் பூரா நம்மகிட்டயே எடுக்கிறேங்கிறார்.”

மைக்ரான் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. முடியிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அச்சைத் திரும்பக் கழற்றிவிடுகிறவர் என்பதால் அந்த பிளாஸ்டிக் ஃபாக்டரியில் ஒட்டிக்கொண்ட பெயர். இருநூறு மில்லி பிடிக்கிற அந்தக் கப்பின் அச்சை மூன்று மாதம் உட்கார்ந்து அவர்தான் செய்தார். உள்ளே பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பாலிஷ்.

“எவ்வளவு பெரிசு வேணுமாம்?”

“நானும் கேட்டேன். எட்ட நின்னு பாத்தாலும் தெரியணும்னார்.”

“கப்பா, தண்ணித் தொட்டியா? எத்தனை மில்லின்னு சொல்லச் சொல்லுங்க முதலாளி. இன்னொரு போன் போட்டுக் கேளுங்களேன்.”

“ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேட்டா இவனுக்குத் தொழில் தெரியலைன்னு நினைப்பார். புது அச்சு பண்ணவும் நேரமில்லை. இருக்கிறதையே கொஞ்சம் கடைஞ்சு விடுய்யா. கடைஞ்சா பெரிசாயிடும்ல?”

மைக்ரான் பையைக் கீழே வைத்தார். அச்சு என்பது இரண்டு பாகம். கேவிட்டி என்கிற குழி, கப்பின் வெளிப்பக்கம். கோர் என்கிற முளை, கப்பின் உள்பக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் உருகிய பிளாஸ்டிக் போய் இறுகினால் அதுதான் கப்பு. இதை முதலாளிக்கு அவர் நூறாவது தடவையாக விளக்கினார்.

“குழியை மட்டும் கடைஞ்சா கப்பு தடிக்கும், அவ்வளவுதான். உள்ள பிடிக்கிறது அதேதான் பிடிக்கும். அதோட, இரும்பைச் சீவி எடுக்கிறது சுலபம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.”

“யாரு வைக்கச் சொன்னா? நீ கடை.”

ஐந்து மணி பஸ் அவர் இல்லாமலே போயிற்று.

குழியைக் கடைந்ததில், கப்பின் மேல் கோடும் நம்பரும் விழுவதற்காகச் செதுக்கியிருந்ததெல்லாம் சுருள் சுருளாக லேத்துக்கு அடியில் உதிர்ந்தது. அதைப் பழையபடியே செதுக்கி வாங்கிவர இரண்டு நாள். கப்பு வந்தது. மெஷின் ஓட்டுகிற அக்கா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

“இதை எறிஞ்சா மண்டை உடையும்ணே.”

தடிப்பு அதிகமானதால் ஆறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அப்படி ஆறியும் பக்கவாட்டில் கன்னம் ஒட்டியவர் மாதிரி குழி விழுந்தது. அதையும் மாதிரிக்கென்று கடைக்கு அனுப்பினார் முதலாளி. மறுநாள் பதில் வந்தது.

“கப்பு பெரிசாத்தான் இருக்காம். அளவு அப்படியே இருக்காம்.”

“நான் சொல்லலை?” என்றார் மைக்ரான். கடைக்காரர்மேல் அவருக்கு முதல்முறையாக மதிப்பு வந்தது. விஷயம் தெரிந்த மனுஷன். ஒரு தடவை பார்த்ததும் உள்கொள்ளளவு கூடவில்லை என்று பிடித்துவிட்டாரே.

அந்த உற்சாகத்தில் அரை லிட்டருக்குக் கோரைப் புதிதாகச் செய்தார், குழியை மறுபடி கடைந்தார். ஆனால் கப்பு பாதி வாயோடுதான் வந்தது. இதுவரை கப்பு ஓடிய சின்ன மெஷின் ஒரு தடவைக்குத் தள்ளுகிற பிளாஸ்டிக் அரை லிட்டர் கப்புக்குப் பற்றவில்லை. அழுத்தத்தைக் கூட்டினார். வாய் முழுசாக வந்தது, கூடவே அச்சின் இடுக்கில் பிதுங்கிய பிசிறு பாவாடைக்கு வைத்த சுருக்கம் மாதிரி சுற்றிலும் தொங்கியது. பெரிய மெஷினுக்கு மாற்றினார். அதில் மாட்டுவதற்கு அச்சின் கனம் போதவில்லை. பின்னால் தகடு கொடுத்தார். தகடு கொடுத்ததும், கப்பைத் தள்ளி வெளியேற்றுகிற கம்பி எட்டவில்லை. கம்பியை மாற்றும் வரை அக்கா ஒவ்வொரு கப்பையும் மரக்கட்டையால் நெம்பி எடுத்தாள், நெம்பும்போது என்னவோ முணுமுணுத்தாள். மைக்ரான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“கப்புக்குள்ள இருக்கேன்.”

“குழந்தை முகம் பாத்துச் சிரிக்குது. நீங்க இப்படியே இருங்க, அதுவே நடந்து வந்து உங்களைப் பாத்துக்கும்.”

“இந்தக் கப்பு ஒண்ணு ஓகே ஆகட்டும், மறு பஸ்ஸுல ஏறிடுறேன்.”

“போன வாரமும் அதே கப்புதான்.”

அரை லிட்டர் வரைக்கும் அம்பது அம்பதாகக் கோடு போட்டாக வேண்டும். இத்தனை கோட்டுக்கும் நம்பரை நெருக்கி, ஊசி நுனி வைத்து மைக்ரான் தானே செதுக்கினார். எறும்பு வரிசையில் போவது போல அமைந்தது. அவருக்கே பெருமையாக இருந்தது. மாதிரி போயிற்று. மறுநாள் முதலாளி டூல்ரூமுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“என்னவாம்?”

“அளவு முன்னைவிடச் சின்னதாயிடுச்சாம்.”

மைக்ரான் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். பழைய கப்பில் ஊற்றினார். அதைப் புதுக் கப்பில் ஊற்றினார். இரண்டரைத் தடவை ஊற்றித்தான் நிறைந்தது. முதலாளி அவர் கையிலிருந்து வாங்கித் தானும் ஊற்றிப் பார்த்தார். இருவர் பேன்ட்டும் நனைந்ததுதான் மிச்சம்.

“அரை லிட்டர் இருநூறைவிடச் சின்னதா? அந்த ஆளு எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சார் முதலாளி?”

“கத்துறார்யா. ‘எத்தனை தடவை சொல்றது, அளவைப் பெரிசு பண்ணு, அளவைப் பெரிசு பண்ணு’ன்னு போனை வச்சிட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா வேற இடம் பாத்துக்கிறாராம்.”

அதன் பிறகு மைக்ரான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெரிசுதானே வேண்டும். கோரை இன்னும் பெரிசாகப் புதிதாகச் செய்தார், குழியில் எவ்வளவு இரும்பு பாக்கியிருந்ததோ அவ்வளவையும் கடைந்தார். அச்சைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடும் துளை வரைக்கும் போய், துளையே உடைத்துக்கொண்டு முகத்தில் பீச்சியது. பித்தளை ஆணி அடித்து அதை அடைத்தார். மூன்று மாதம் தேய்த்த பாலிஷ் போன இடம் தெரியவில்லை. நம்பர் செதுக்கவும் பொறுமை இல்லை, எறும்பு வரிசையையே அவசரமாக மறுபடி கீறிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் மெஷினிலிருந்து ஒன்றரை லிட்டர் கப்பு ஒன்று தொப்பென்று விழுந்தது.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல மாவு அளக்கவாணே, இல்ல புள்ளையைக் குளிப்பாட்டவா?”

முதலாளி அதை ஷெட்டின் கடைசியில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, மைக்ரானையும் கூட்டிக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் நடந்தார். இருவரும் திரும்பி நின்று பார்த்தார்கள்.

“தெரியுதா?”

“நல்லாத் தெரியுது முதலாளி.”

“இதுக்கு மேல ஒரு மனுஷன் குறை சொல்ல முடியுமா?”

“சொன்னா நான் இந்த வேலையையே விட்டுடுறேன்.”

வெள்ளிக்கிழமை காலை கடையிலிருந்து வேன் வந்தது. கடையில் சரக்கு சரிபார்க்கிற அம்மாள் இறங்கினாள். மைக்ரான் துணிப்பையும் கையுமாக நின்றிருந்தார், இன்னும் அரை மணியில் பஸ். முதலாளி இரண்டு கையாலும் கப்பை எடுத்து நீட்டினார்.

அந்த அம்மாள் கப்பை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு இருவரையும் பாவமாகப் பார்த்தாள்.

“கப்பு அண்டா மாதிரி நல்லாத்தான் இருக்குங்க. ஆனா அதுமேல போட்டிருக்கிற அளவு, அந்த நூறு இருநூறுங்கிற நம்பர், வயசானவங்க கண்ணுக்குத் தெரியலை, அதைப் பெரிசாப் போடுங்கன்னுதானே எங்க முதலாளி மூணு வாரமாக் கத்திட்டிருக்கார்?”