எதிர்க்கடை டேப்லெட்டும் என் கடை டேப்லெட்டும்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் கடையும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் மருமகப் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நலம் விசாரித்து முடிக்கிற வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள், கடிதத்தில் பேச முடியாது.

நேர்வகிட்டை உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வகிடு எடுப்பான் என்பதால் அந்தப் பெயர். வருடக்கணக்காக என் சலூனில் பக்கத்து நாற்காலியில் நின்று முடி வெட்டியவன், மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று எங்களுக்குள் வந்த சண்டையில் கத்தரியையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய்த் தனிக்கடை போட்டான். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. அவன் கண்ணாடியில் என் முதுகு தெரியும், என் கண்ணாடியில் அவன் முதுகு தெரியும், அவ்வளவுதான் உறவு. அப்படி இருக்கையில், உங்கள் செல்போன் கடையில் பூட்டிய அலமாரிக்குள் வைத்து விற்கிறீர்களே, அந்தப் பெரிய கம்பெனி டேப்லெட், அதை அவன் வாங்கி வைத்தான். வந்தவரை உட்காரவைத்துப் படம் எடுத்தால், எந்த வெட்டு அவருக்கு எப்படி இருக்கும் என்று வெட்டுவதற்கு முன்பே அது காட்டுகிறது. அதுவும் எப்படி? முகத்துப் பரு போய்விடுகிறது, கண்ணுக்குக் கீழே கருப்பு போய்விடுகிறது, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகப் பளபளக்கிறது. தெருவே அங்கே வரிசையில் நின்றது. என் கடையில் நான் ஒருவன் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரே ஈ.

நான் மலிவு டேப்லெட் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது நீங்கள் சொன்னது மறக்கவில்லை. "மாப்ளே, அது டேப்லெட் இல்ல, காய் வெட்டுற பலகை. பெரிய கம்பெனியதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்" என்றீர்கள். நான் கேட்காமல் மலிவானதையே வாங்கினேன். நீங்கள் சொன்னது சரிதான். வித்தியாசம் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வந்தவர் தபாலாபீஸ் குமாஸ்தா. உட்காரவைத்துப் படம் எடுத்தேன். எடுத்தேன் என்றா சொன்னேன்? பொத்தானை அழுத்தினேன். அதில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றுகிறது, சுற்றுகிறது, மனுஷன் சிரித்த முகத்தோடு எவ்வளவு நேரம்தான் இருப்பார், மெல்ல ஒரு கொட்டாவி விட்டார், அந்த நேரம் பார்த்து டக்கென்று எடுத்துவிட்டது. அடுத்ததாக முடி வைத்துக் காட்ட வேண்டும். சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை முகம் என்று நினைத்துக்கொண்டு அதற்குச் சுருள்முடி வைத்தது. மறுபடி முயன்றோம். இந்த முறை அவருக்கே வைத்தது, ஆனால் படம் முழுக்க ஒரு பச்சை. அவர் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?" என்று கேட்டார். கல்லாவில் இருந்த உங்கள் தங்கை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "இனிமே எப்படி வெட்டினா என்ன, வெட்டுங்க" என்று தலையைத் தொங்கப்போட்டுவிட்டார். நானும் வழக்கமான வெட்டுதான் வெட்டினேன். முடித்து நிமிர்த்தினால், கண்ணாடியைப் பார்த்த மனுஷன் அசந்து போனார். இப்படித் திரும்பிப் பார்க்கிறார், அப்படித் திரும்பிப் பார்க்கிறார், "நான் பரவால்லியே" என்கிறார். மறுநாள் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களும் கொட்டாவி விட்டார்கள், பச்சையானார்கள், வெட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்துப் பூரித்துப் போனார்கள்.

எதிரே நடந்தது நேர்மாறு மச்சான். அங்கே படத்தில் ராஜகுமாரன் மாதிரி தெரிந்தவர், வெட்டி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழைய மூஞ்சிதானே இருக்கும். வெட்டியவன்மேல் பாய்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் தன்னுடையதை வெல்வெட் துணியில் சுற்றி வைத்து, யாரையும் தொடவிடாமல், குழந்தையைப்போலப் பார்க்கிறான். என்னுடையது நாற்காலிக் கையிலிருந்து இதுவரை பலமுறை விழுந்துவிட்டது, கீழே குவிந்து கிடக்கும் முடியில் மெத்தென்று விழுந்து அப்படியே கிடக்கும், ஊதிவிட்டு எடுத்துக்கொள்வேன்.

இனி நேற்று நடந்ததைக் கேளுங்கள். சாயங்காலம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளைப் பையன், பல் டாக்டர், கழுத்தில் எதிர்க்கடைப் போர்வைத் துணி தொங்கத் தொங்க, வண்டிகளுக்கு நடுவே ஓடிவந்து என் நாற்காலியில் விழுந்தான். "அண்ணே, படத்துல இருந்த ஆள் வேற. இது நான். இந்த மூஞ்சியோட எப்படிண்ணே போய் நிக்கிறது?" என்று அழாத குறை. தலையைப் பார்த்தேன். வெட்டு அருமையாக இருந்தது. நேர்வகிடு வெட்டினால் வேறு எப்படி இருக்கும்? கை தானாக டேப்லெட்டை எடுத்தது. வட்டம் சுற்றியது. ராத்திரியெல்லாம் தூங்காத பையன், வாய் கொள்ளாமல் கொட்டாவி விட்டான். படத்தை வாங்கியவன் அந்தப் பச்சை முகத்தை விரலால் துடைத்துப் பார்த்தான். பிறகு, "இதுவா நான்?" என்றான். "மெஷின் அப்படித்தான் சொல்லுது" என்று நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.

அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அண்ணே, சூப்பரா வெட்டியிருக்கீங்க. எதிர்க்கடையில கெடுத்ததை எப்படிச் சரி பண்ணீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் கத்தரியைத் தொடக்கூட இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எதிர்க்கடையை அன்றைக்கே மூடியிருக்கலாம். அப்போது கண்ணாடியில் பார்த்தேன், வாசலில் நேர்வகிடு நிற்கிறான், போர்வைத் துணியை வாங்கிப்போக வந்தவன். முகம் செத்துப்போயிருந்தது. "தம்பி, நான் ஒரு முடிகூட வெட்டல. இது பூரா அவர் வேலை. இந்தத் தெருவுல இப்படி வெட்ட வேற ஆள் கிடையாது" என்றேன். பையன் திரும்பிப் பார்த்தான். நேர்வகிடு தரையைப் பார்த்தான். யாராவது எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டுமே என்று, "இடது கிருதா மட்டும் ஒரு நூல் ஏறியிருக்கு, நீயே வந்து பாரு" என்றேன். "ஏறல. ஒனக்குக் கண்ணு மங்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டான் மச்சான், உள்ளே வந்துவிட்டான். அவன் இடது பக்கம் நின்றான், நான் வலது பக்கம் நின்றேன், பையன் நடுவே கல்யாணக்களையோடு உட்கார்ந்திருந்தான். உங்கள் தங்கை மின்விசிறியை இரண்டு பக்கமும் சுற்றும்படி தட்டிவிட்டுப் போனாள். அது அப்படியும் சுற்றும் என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து மறுபடி ஒரே கடை. அதனால் மச்சான், உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் அந்த விலை கூடியதைத் தலையில் கட்டாதீர்கள். மலிவானதை வாங்கச் சொல்லுங்கள், குடும்பம் சேரும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீண்ட ஆயுளோடும் அடர்ந்த முடியோடும் விளங்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நேர்வகிடு தன் டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்தான். என் தலையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஒன்றும் இல்லை. அவன் என்னைப் படம் எடுத்து அதில் முடி வைத்தான். நெற்றியில் வந்து விழுகிறது மச்சான், அலை அலையாக. உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "யாருங்க இது?" என்று கேட்டாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மேலே எழுதியதையெல்லாம் படித்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெரிய கம்பெனியுடையதே ஒன்று உடனே அனுப்புங்கள். கடைக்கு இல்லை, வீட்டுக்கு.